இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

“நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம்” என்று பைக் ஓட்டும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இன்ஜெக்‌ஷன் பைக்கில் (பெற்றோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் வகை) கணக்கு தலைகீழ். கியரில் இருந்தபடி திரொட்டிலை முழுக்க மூடினால், பெரும்பாலானவற்றில் பெற்றோல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் ஓட பெற்றோல் வேண்டும். பழைய காபரேட்டர் பைக் என்றால் சொட்டு மிஞ்சலாம், சரி.

ஆனால் பெரிய விஷயம் பிரேக். பெட்டிகளும் பின்னால் ஆளுமாக லபுக்கலை, இறம்பொடை வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் ஒயில் கொதிக்கும்; கொதித்தால் பிரேக் பிடிக்காது. டாட் 4 என்ற தரத்துப் புதிய பிரேக் ஒயில் குறைந்தது 230 பாகை வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 தான். மூன்று வருடம் ஒயில் மாற்றாமல் ஓட்டிய எனக்கு, இறம்பொடைக்கு மேலே பிரேக் லீவர் பஞ்சுபோல் ஹேண்டில் வரைக்கும் வந்தது. ஓரங்கட்டி, டிஸ்க்கில் தண்ணீர்ச் சொட்டுப் பட்டதும் சுர்ரென்றது. (சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணும்.)

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.