ஆமாம், நான் கிராணி பேரன்தான்

சனிக்கிழமைக் கூட்டத்தில் மைக்கை வாங்கி, "சயாமுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் பேரனெல்லாம் சயாம் ரயிலைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டவருக்கும், அதற்குக் கைதட்டியவர்களுக்கும் இந்தப் பதிவு. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். நடந்ததை மறுபடி விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

என் தாத்தா கிராணி. மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். இரண்டாம் உலகப் போரில் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது பெயர்ப் பட்டியல் எழுதியவரும் அவர்தான். எங்கள் குடும்பம் இதை ஒருநாளும் மறைத்ததில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: துப்பாக்கியைப் பிடித்திருந்தவனையும் அதன் முன்னால் நின்றவனையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள்.

1941 டிசம்பர் 8-இல் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பான்காரர்கள், 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரையே பிடித்துவிட்டார்கள். வெள்ளைக்காரத் துரைகள் தோட்டத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ரப்பர் பாலுக்கு விலையில்லை, சம்பளமில்லை, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி நின்றுபோனது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த சனங்களிடம், ரயில் பாதை போடும் வேலை, கூலி உண்டு, சோறு உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். முதலில் நம்பிப் போனார்கள். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று மெல்லத் தெரிந்த பிறகு யார் போவார்கள்? அப்புறம்தான் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

பாட்டி சொல்லி நான் கேட்டது இது. தலை குறைந்தால் லோரி நேரே லயத்துக்கு, தொழிலாளர் குடியிருப்புக்கு, வரும். கையில் அகப்பட்டவனை ஏற்றிக்கொண்டு போகும். கைக்குழந்தைக்காரனா, நோயாளியா என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள். தாத்தா இரண்டு இரவு தூங்காமல் உட்கார்ந்து கல்யாணமாகாத பையன்களின் பெயரை எழுதினார். "கல்யாணமாகாதவனுக்கும் தாய் இருந்தாளே" என்று பாட்டியே சொல்லி அழுவார். அந்த வீட்டில் யாரும் தாத்தாவைத் தியாகி என்று கொண்டாடவில்லை. அவர் சாகும்வரை அந்தத் தாய்மார்களின் வாசல் வழியாக நடந்ததில்லை.

"மறுத்திருக்கலாமே?" என்று இப்போதே சிலர் தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள். மறுத்தவர்கள் இருந்தார்கள். பேராக்கில் பாப்பான் என்ற ஊரில் இருந்த சிபில் கார்த்திகேசு காட்டுக்குள் இருந்த போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தார், ரகசியமாக வானொலி கேட்டார், ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பெய்தாயிடம் சித்திரவதைப்பட்டார், அந்தக் காயங்களாலேயே 1948-இல் இறந்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவரைப் போல இல்லாத ஒவ்வொருவரும் துரோகி என்றால், மலாயாவில் உயிரோடு மிஞ்சிய எல்லோருமே துரோகிதான். கேட்கும் உங்கள் தாத்தாவும் சேர்த்துத்தான்.

சிங்கப்பூரைப் பாருங்கள். முகமூடி போட்ட ஆள்காட்டிகளை வைத்துச் சீன ஆண்களைப் பொறுக்கியெடுத்துக் கடற்கரையில் சுட்டுத் தள்ளினார்கள். மிஞ்சியவர்களிடம் 5 கோடி டாலர் நன்கொடை என்று கேட்டார்கள். அதைத் திரட்டும் சங்கத்துக்கு எழுபது தாண்டிய சீனப் பெரியவர் டாக்டர் லிம் பூன் கெங்கைத் தலைவராக நிறுத்தினார்கள். கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார், இல்லையென்றால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ! இன்றைக்கு அவர் பெயரில் சாலை இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது. சரியான காரியம் என்றுதான் நானும் சொல்வேன். டாக்டருக்கு ஒரு நியாயம், தோட்டத்துக் கிராணிக்கு ஒரு நியாயமா?

அதைவிட, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த நம் பிள்ளைகள் ஜப்பான்காரனோடு சேர்ந்துதானே நின்றார்கள்? நாட்டுப்பற்றில் சேர்ந்தவர்கள் உண்டு, சயாமுக்குப் போகாமல் தப்பலாம் என்று சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மாலை போடுகிறோம், நானும் போட்டிருக்கிறேன். அங்கே மட்டும் காலச்சூழ்நிலை உங்களுக்குப் புரிகிறது.

பணம் வாங்கிக்கொண்டு பெயரை அடித்த கிராணிகளும் தண்டல்களும் (கூலிகளை மேய்க்கும் மேஸ்திரிகள்) இருந்தார்கள். பிடிக்காதவனைப் பழிவாங்க ரயிலேற்றியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. "உன் தாத்தா வாங்கவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?" பாட்டி சொன்னார். எனக்கு அது போதும்.

1945 ஆகஸ்டில் ஜப்பான்காரன் சரணடைந்ததும், பிரிட்டிஷ்காரன் திரும்பி வருவதற்குள், காட்டிலிருந்து பிந்தாங் தீகாக்காரர்கள், ஜப்பானை எதிர்த்த கம்யூனிஸ்ட் போராளிகள், வெளியே வந்தார்கள். துரோகிகளுக்கு விசாரணை, அங்கேயே தண்டனை. தாத்தாவையும் இழுத்துப்போனார்கள். லயத்து ஆட்களே போய், இவர் எங்களுக்குக் கெடுதல் நினைத்தவரில்லை என்று சொல்லி மீட்டு வந்தார்கள். அவரோடு வாழ்ந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அவரைப் பார்த்தேயிராத நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள்.

துரோகிகளைத் தேடித் தேடிக் கொன்ற அந்தப் படையை நடத்திய மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் யார் தெரியுமா? லாய் தெக். ஜப்பான்காரனுக்கு உளவு சொன்னவனே அவன்தான். 1942 செப்டம்பர் 1-இல் பத்துமலை அருகே கூடிய தன் தோழர்களையே காட்டிக்கொடுத்தான். உச்சியில் உளவாளி உட்கார்ந்திருக்க, கீழே சந்தேகப்பட்டவனையெல்லாம் அடித்துக் கொன்றார்கள். அண்டை வீட்டுக்காரனை அண்டை வீட்டுக்காரன் சந்தேகிக்கவேண்டும் என்பதுதான் கெம்பெய்தாய்க்கு வேண்டியிருந்தது. அவர்கள் போய் எண்பது வருடம் ஆகியும் நாம் அந்த வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

உங்கள் தாத்தா சயாமில் செத்தார் என்றால் கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கோபம் ஏன் என் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது? 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், புல்லை இன்றும் யாரோ வெட்டிப் பராமரிக்கிறார்கள். அவர்களைவிடப் பல மடங்கு செத்தது நம் ஆட்களும் பர்மாக்காரர்களும் ஜாவாக்காரர்களும். காலராவில் விழுந்தவர்களைக் குவியலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை சரியான கணக்கே கிடையாது.

1967-இல் ஜப்பான் மலேசியாவோடு உடன்படிக்கை போட்டுத் தன் கடனைத் தீர்த்துக்கொண்டது. கொடுத்தது இரண்டு சரக்குக் கப்பல். சயாமில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அப்போதும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு அதில் என்ன பங்கு கிடைத்தது? எந்த மேடையில், எந்த மந்திரியிடம், உங்களில் யார் இதைக் கேட்டீர்கள்?