சித்தி 1819இல்தான் வந்தாள்

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் சொல்லி யாரையும் இழுக்கும் எண்ணம் எனக்கில்லை. அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது, வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு குளிக்கும்போதும் நடக்கும்போதும் அங்கே பேசிய ஒரு பெரியவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எழுதிவிட்டால் தூக்கமாவது வரும்.

பழைய தேவதைக் கதைகளைத் திருப்பி எழுதிய ஓர் ஆங்கில நாவலைப் பற்றி அவர் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, "சின்னப் பிள்ளைகளின் கதையை எடுத்து நாசமாக்கிவிட்டார்கள்." இரண்டு, "போகட்டும், சித்தியையாவது கெட்டவளாகவே விட்டுவைத்தார்களே, அதுவரைக்கும் சந்தோஷம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

பேச்சு, மரிஸ்ஸா மேயரின் லூனார் க்ரானிகிள்ஸ் தொடரின் கடைசி நாவலான 'விண்டர்' பற்றியது. 2012இல் 'சிண்டர்' வந்தது. பிறகு ஆண்டுக்கு ஒன்றாக 'ஸ்கார்லெட்', 'க்ரெஸ்', 2015இல் 'விண்டர்'. சிண்டரெல்லா, ரெட் ரைடிங் ஹுட், ரபன்ஸல், ஸ்னோ ஒயிட் ஆகிய நால்வரையும் தூக்கி எதிர்காலத்தில் வைத்த தொடர். சிண்டரெல்லா இங்கே உடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இயந்திரமான மெக்கானிக்; பெயர் சிண்டர். ரபன்ஸலின் கோபுரம் ஒரு செயற்கைக்கோள். ஸ்னோ ஒயிட் நிலவின் இளவரசி; அவள் பெயர்தான் விண்டர்.

நாசமாக்கிவிட்டார்களாம். எதை? விண்டரின் கன்னத்தில் மூன்று தழும்புகள் இருக்கின்றன. அவளுடைய அழகைப் பொறுக்காத மாற்றாந்தாய், நிலவின் ராணி லெவானா, மனதை வசப்படுத்தும் தன் சக்தியால் அவள் கையாலேயே அவள் முகத்தைக் கீற வைத்தாள். "இதைப் போய்ப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் படிப்பதா?" என்று அவர் பதறினார். நியாயமான பதற்றம்தான். ஆனால் எந்தக் கதையை அவர் தூய கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரோ, அந்தக் கதையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட்டுக்கு வயது ஏழு. ஏழே ஏழு. ராணி அவளைக் கொல்ல வேடனை அனுப்பி, அடையாளமாக அவளுடைய நுரையீரலையும் ஈரலையும் கொண்டுவரச் சொல்கிறாள். வேடன் காட்டுப்பன்றியைக் கொன்று அதன் உறுப்புகளைக் கொண்டுவந்து கொடுக்கிறான். ராணி அதை உப்புப் போட்டுச் சமைக்கச் சொல்லி, அந்தக் குழந்தையைத்தான் தின்கிறோம் என்று நினைத்துத் தின்கிறாள். கடைசியில், பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைக் காலில் மாட்டி, செத்து விழும்வரை அவளை ஆட வைக்கிறார்கள். அதுவும் எங்கே? கல்யாண விருந்தில்.

இதுதான் சின்னப் பிள்ளைகளின் கதை. இதைத்தான் கெடுத்துவிட்டார்கள்.

முத்தம் கொடுத்து எழுப்புவதுகூட அந்த மூலத்தில் கிடையாது. 1812இல் வந்த முதல் பதிப்பில், பெட்டியைச் சுமந்து சுமந்து அலுத்துப்போன ஒரு வேலைக்காரன் எரிச்சலில் பிணத்தின் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கிறான். தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. முத்தமெல்லாம் டிஸ்னியின் 1937ஆம் ஆண்டுத் திரைப்படம் நமக்குப் பழக்கிவிட்டது. நாம் சிறு வயதில் பார்த்ததை ஆதி என்று எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் சங்கதி.

"அதெல்லாம் 200 ஆண்டுக்கு முந்தைய காலம், அன்றைய மனிதர்களுக்கு அது சகஜம்" என்று ஒருவர் வருவார். வரட்டும். அன்றைக்கும் சகஜமாக இல்லை, ஐயா. அந்த 1812 தொகுதி வெளிவந்தபோதே இது பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று முணுமுணுத்தார்கள். நம்முடைய ஞாயிற்றுக்கிழமைப் பெரியவர் அன்றைக்கும் ஒருவர் இருந்திருக்கிறார் போலும். அதற்காகத்தான் வில்ஹெல்ம் கிரிம் உட்கார்ந்து திருத்தினார். 1857 வரை ஏழு பதிப்புகள், திருத்தத்துக்கு மேல் திருத்தம்.

எதைத் திருத்தினார் என்பதுதான் வேடிக்கை. முதல் பதிப்பில் ரபன்ஸல், "என் உடைகள் எல்லாம் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகின்றன?" என்று வெகுளியாகக் கேட்பாள். கர்ப்பம். அது போய்விட்டது. அதற்குப் பதிலாக, இளவரசனைவிட நீ ஏன் கனமாக இருக்கிறாய் என்று, தன்னைக் கோபுரத்தில் அடைத்துவைத்த கிழவியிடம் கேட்கிறாள், முட்டாள் பெண் மாதிரி. ஆனால் இரும்புச் செருப்பு? அது அப்படியே இருக்கிறது. ஈரலைத் தின்பது? அப்படியே இருக்கிறது. சிண்டரெல்லாவின் அக்காமார் கண்களைப் புறாக்கள் கொத்திப் பிடுங்குவது 1812இல் இல்லை. இரண்டாம் பதிப்பில் புதிதாகச் சேர்ந்தது! கதையைச் சுத்தம் செய்கிறேன் என்று ரத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் திருத்தினார்கள். இந்தப் பதிவையே அதற்காகத்தான் எழுதுகிறேன்.

1812இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் அவளைப் பெற்ற தாய். பனி போல் வெளுத்து, ரத்தம் போல் சிவந்து ஒரு குழந்தை வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து ஆசைப்பட்டாளே, அதே தாய். 1819இல் இரண்டாம் பதிப்பு வருகிறது. அந்தத் தாய் பிரசவத்தோடு செத்துப்போகிறாள். ஓராண்டு கழித்து அரசன் இன்னொருத்தியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். முந்தையவள் செய்த அத்தனை அக்கிரமமும் வந்தவள் தலையில் ஏற்றப்படுகிறது. இன்னொரு கிரிம் கதையில், ஹேன்ஸல், கிரெட்டல் என்ற அண்ணன் தங்கையைக் காட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னவளும் முதலில் பெற்ற தாய்தான். 1840 பதிப்பில் அவளும் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். தாய்மையின் புனிதத்தைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? காப்பாற்றினார்கள். கொலை அப்படியே இருக்கட்டும், கொலைகாரியை மட்டும் மாற்றிவிடலாம் என்று ஒருவர் பேனாவை எடுத்தார். அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது.

எனவே கதையை யாரும் 2015இல் கெடுக்கவில்லை. திரும்பவும் சொல்கிறேன், 2015இல் கெடுக்கவில்லை. கெடுத்தது என்றால் 1819இல்தான். அந்தக் கெடுதலைத்தான் நாம் பாரம்பரியம் என்று தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறோம்.

நமக்கும் இது தோதாக இருக்கிறது. தினமும் செய்தித்தாளைத் திறந்தால் யாராவது ஒருவர் "மாற்றாந்தாய் மனப்பான்மையுடன் நடத்துகிறார்கள்" என்று அறிக்கை விட்டிருப்பார். நிதி வரவில்லை என்றாலும் மாற்றாந்தாய், ரயில் நிற்கவில்லை என்றாலும் மாற்றாந்தாய். அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆள் இருக்கிறாள் என்று அறிக்கை எழுதுகிறவருக்குத் தோன்றுவதே இல்லை.

எனக்குத் தோன்றும். என்னை வளர்த்தவள் என் சித்தி. அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. எட்டு வயதில் சித்தி வந்தார். பிறந்தநாளுக்கு யாரோ ஸ்னோ ஒயிட் படக்கதை கொடுத்தார்கள். பெரிய எழுத்து, பளபளப்பான அட்டை. சாயங்காலம் சித்தி எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் மடியில் புத்தகத்தை விரித்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். வாசிப்பு சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக அப்படிப் படிக்கச் சொல்வார். ராணி மூன்று முறை வருவாள் அல்லவா, இரண்டாம் முறை விஷம் தோய்த்த சீப்போடு வருவாள். "பொல்லாத சித்தி அவள் கூந்தலில் சீப்பை வைத்தாள்" என்று நான் ஓர் எழுத்து விடாமல் படித்தேன். என் தலையில் சீப்பு நின்றது. பல் மண்டையில் பட்டபடியே, அழுத்தாமல், எடுக்காமல் அங்கேயே நின்றது. அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கியது. "ம், அடுத்த பக்கம் படி" என்றார்.

நான் படித்தேன். எட்டு வயதில் எனக்கு என்ன தெரியும்? அன்றிலிருந்து ஏழெட்டு நாள், அவர் தலை வாரினால் கழுத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவருக்கும் அது தெரிந்துதான் இருக்கும்.

"சொந்தக் கதையை இலக்கியத்தில் கொண்டுவந்து கலக்காதே" என்பீர்கள். கலக்கத்தான் செய்வேன். கதையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குள் கலந்தவர்கள் அனுமதி கேட்டார்களா?

பக்கம் அதிகம், 800க்கு மேல் போகிறது என்றார் இன்னொருவர். உண்மைதான். நடுவில் நான்கு ஜோடிகளும் பிரிவதும் சேர்வதுமாக ஒரு 200 பக்கத்தைக் கழித்திருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன்.

"அப்படியென்றால் லெவானா நல்லவள் என்கிறாயா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இல்லை. நான் அவளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. மூன்று வயதுக் குழந்தையான சிண்டரைத் தீயில் கொல்லப் பார்த்தவள் அவள். கிழவி வேடத்தில் வந்து, கொள்ளைநோய்க் கிருமி ஏற்றிய ஆப்பிள் மிட்டாயை விண்டரிடம் நீட்டுபவள் அவள். சிண்டர் அவளைச் சுடும்போது நானும் பெருமூச்சு விட்டேன். ஆனால் 'விண்டர்' வருவதற்குச் சில மாதங்கள் முன்னால் 'ஃபேரஸ்ட்' என்றொரு சிறிய நூல் வந்தது, லெவானாவின் இளமைக் கதை. சிறு பெண்ணாக இருக்கும்போது கூடப் பிறந்த அக்காவே அவளை வசியம் செய்து நெருப்புக்குள் போக வைக்கிறாள். அவள் ஆயுள் முழுக்க மறைத்துவைக்கும் முகம் அந்த நெருப்பில் வெந்த முகம். அதைப் படித்த பிறகு கடைசி நாவலைப் படித்தால், சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. இருட்டு என்று அவர் குறை சொன்னாரே, எனக்கு அந்த இருட்டுதான் வேண்டியிருந்தது. கெட்டவளுக்கும் ஒரு குழந்தைப் பருவம் இருந்தது என்று சொன்னால் உடனே "நியாயப்படுத்துகிறாய்" என்று கிளம்பிவிடுகிறார்கள். காரணம் சொல்வது வேறு, மன்னிப்பது வேறு. இதைக்கூடப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் எப்படி வாசகர் கூட்டம் நடத்துகிறார்களோ!

இதைத் தமிழில் யோசித்தால் இன்னொரு விபரீதம் இருக்கிறது. அந்த அக்காதான் சிண்டரின் அம்மா. ஆகவே லெவானா சிண்டருக்குச் சித்தி. விண்டரின் அப்பாவைக் கட்டிக்கொண்டதால் விண்டருக்கும் சித்தி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொற்கள். நமக்கு ஒரே சொல். அம்மாவின் தங்கை வந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் சொல்லும் இதுதான், ஞாயிற்றுக்கிழமை சிரிக்க வைத்த சொல்லும் இதுதான்.

சரி, மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்ட பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நாவல் மேலும் கோபம்தான். சிண்டரெல்லாவைப் பாதி இயந்திரமாக்கத் தெரிந்தது. மாற்றாந்தாய் வயிற்றுப் பெண் பியோனியை அன்பான தங்கையாக்கத் தெரிந்தது. முதல் நாவலில் அவள் நோயில் சாகும்போது நான் அழுதேன். முடியாட்சியே வேண்டாம், அரியணையை விட்டுவிடுகிறேன் என்று ஓர் இளவரசியைச் சொல்ல வைக்கத் தெரிந்தது. இத்தனையையும் புரட்டிப்போட்ட தொடரில் இரண்டு மாற்றாந்தாய்கள். ஒருத்தி வளர்ப்பு மகளைக் கொள்ளைநோய்ச் சோதனைக்குக் கொடுக்கிற ஆட்ரி, இன்னொருத்தி லெவானா. ஒருத்தியைக்கூட மாற்ற மனம் வரவில்லை. கடைசிப் பக்கம் வரை காத்திருந்தேன். ஆக, அன்று அவர் "சித்தியையாவது கெட்டவளாகவே விட்டுவைத்தார்களே" என்று சொன்னது உண்மைதான். அதனால்தான் பதில் சொல்ல முடியாமல் போயிற்று என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. கெடுத்துவிட்டார்கள் என்று அவர் வருத்தப்படுகிறார். இன்னும் கொஞ்சம் கெடுத்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

நேற்று இரவு சித்தியிடம் போனில் பேசும்போது இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "அந்த ராணிக்கென்று பிள்ளை இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "ம்" என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

கடைசியாக ஒரு வார்த்தை. அன்று கூட்டம் முடிந்ததும் என் 'விண்டர்' பிரதியை இரவல் வாங்கிப் போனவர், இந்த வாரத்துக்குள் திருப்பித் தரவும். பக்கம் அதிகம் என்று சொன்னவரும் அவரேதான். படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அட்டையை மடக்காமல் கொடுத்தால் போதும்.