மரத்தின் மேல் மட்டும் பழி வேண்டாம்

புயலுக்குப் பிறகு மின்சாரம் வரத் தாமதமானதற்கு மரங்கள் விழுந்ததுதான் காரணம் என்று ஒரு கட்டுரையில் மின்சார அதிகாரிகள் சொல்கிறார்கள். உண்மைதான், இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் 33,000 வோல்ட் கம்பிகள் காட்டுக்குள்ளால் நெடுந்தூரம் ஓடுகின்றன. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாலை மரம் சரிந்தால் அதற்கு அப்பால் உள்ள கிராமங்களெல்லாம் இருட்டுத்தான். ஆனால் ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இங்கே மாரி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரையேறியதும் முல்லைத்தீவுக்குத் தெற்கேதான். கொப்புகளை செப்டெம்பரிலேயே வெட்டியிருக்கலாமே?

கம்பத்தில் ஏறி நனைந்துகொண்டு வேலை செய்யும் பொடியன்களில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வந்தால் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்புகிறோம். கோபமெல்லாம் மின்சார அலுவலகத்தின் மீதுதான். தொலைபேசியை எடுப்பதில்லை, எடுத்தால் "பார்க்கிறோம்" என்ற ஒரே பதில். எந்தப் பாதை பழுது, எப்போது வரும் என்று ஊருக்கு ஒரு குறுஞ்செய்தி போதுமே.

கரண்ட் இல்லாவிட்டால் கிணற்று மோட்டார் ஓடாது, வெள்ளம் கலந்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். 2024, 2025 இரண்டு வருடமும் உயர்தரப் பரீட்சை நடுவிலேயே புயல் மழையால் நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள். அறுந்த கம்பி வயலில் கிடக்கிறதென்று சொன்னால், அந்த நிமிடமே லைனை நிறுத்த ஒரு தனித் தொலைபேசி இலக்கமாவது கொடுங்கள். மாடுகள் மேயும் இடம் அது.