மீதிப் பேர் எந்த நாட்டு மக்கள்?

"நானே மக்கள்" என்று பேசும் ஓர் அதிபரை விமர்சித்து நேற்று நான் எழுதிய பதிவுக்குக் கீழே நடந்த வாக்குவாதத்தை எல்லோரும் பார்த்தீர்கள். அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. "அந்த அதிபரை எதிர்ப்பவன் மக்களையே எதிர்ப்பவன்" என்று எழுதியவர் முகம் தெரியாத யாரோவாக இருந்திருந்தால் கடந்து போயிருப்பேன். எழுதியவர் என் இருபது ஆண்டு கால நண்பர்.

நான் சொன்னது ஒன்றுதான். "நானே மக்கள்" என்று ஓர் அதிபர் பேசத் தொடங்கிவிட்டால், அவரை மறுப்பவரின் கருத்து தவறென்று யாரும் நிறுவ வேண்டியதில்லை. அவர் மக்களில் ஒருவரே அல்லர் என்று ஆக்கிவிட்டால் போதும். 2017 பிப்ரவரியில் டிரம்ப், செய்தி நிறுவனங்கள் தமக்கு எதிரி அல்ல, அமெரிக்க மக்களுக்கு எதிரி என்று எழுதினார். எத்தனை பெருந்தன்மை!

வெறும் பேச்சுதானே என்பீர்கள். வெனிசுவேலாவில் எதிர்ப்பாளர்களை 'நோஞ்சான்கள்' என்று அதிபர் சாவேஸ் கேலி செய்ததும் பேச்சுதான். அவர் காலத்திலேயே வந்த 1999 அரசமைப்பு, அதிபரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க வாக்கெடுப்புக் கோரும் உரிமையைத் தந்திருந்தது. அதை நம்பி, சாவேசுக்கு எதிராக அந்த வாக்கெடுப்பைக் கோரிக் கையெழுத்திட்டவர்களின் பட்டியலை 2004இல் ஆளுங்கட்சி உறுப்பினர் தஸ்கோன் இணையத்தில் ஏற்றினார். கையெழுத்திட்டதற்காக அரசு நிறுவனம் ஒன்றில் மூன்று பெண்கள் வேலை இழந்தார்கள். பட்டியலைப் புதைத்துவிடுங்கள் என்று 2005இல் சாவேசே சொன்னார். அந்தப் பெண்களுக்கு அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பு கிடைத்ததோ 2018இல்.

பழைய மேட்டுக்குடி ஆட்சிகளும் ஏழைகளை மதிக்கவில்லை என்பது உண்மை, மறுக்கவில்லை. அதற்காக இதையும் பொறுக்க வேண்டுமா? பெரும்பான்மை வாக்கில் வென்றவர்தானே என்பவர்களுக்கு: துருக்கியில் எர்டோகன் 2018 அதிபர் தேர்தலில் வென்றது ஏறத்தாழ 52.6 விழுக்காட்டில். மீதிப் பேர் எந்த நாட்டு மக்கள்?

எனக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. முன்பு நான் இருந்த ஒரு தொழிற்சங்கத்தில், "தொழிலாளியின் மனம் எனக்குத் தெரியும்" என்று முழங்கிய தலைவரிடம் எழுந்து நின்று வரவு செலவுக் கணக்கைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "இவர் நிர்வாகத்தின் ஆள்" என்று மட்டும் சொன்னார். கைதட்டினார்கள். மூன்று மாதம் மதிய உணவின்போது என் மேசைக்கு யாரும் வரவில்லை.

நேற்று எழுதிய நண்பரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அன்று அவர் கைதட்டவில்லை என்றுதான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன்.