சாந்தியின் வெள்ளிப் பதக்கம் இன்னும் வரவில்லை

2025 செப்டம்பரில் டோக்கியோ உலகத் தடகளப் போட்டியிலிருந்து ஒரு புது விதி வந்திருக்கிறது. பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்ஆர்ஒய் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கருவில் ஆண் வளர்ச்சியைத் தூண்டும் மரபணு அது, வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள், இல்லையென்றால் கொஞ்சம் ரத்தம். ரொம்ப எளிது என்கிறார்கள். முடிவு வந்தபின் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று புதுக்கோட்டைப் பக்கம் கேட்டால் சொல்வார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனின் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் சாந்தி வெள்ளி வாங்கினார். ஓடி முடித்த கையோடு பாலினப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். எதற்கென்று யாரும் விளக்கவில்லை என்று பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவ ரகசியம் அவருக்கு முறையாகச் சொல்லப்படும் முன்பே டிவியில் செய்தியாக ஓடியது. பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பிடுங்கினார்கள். இனி ஓடக் கூடாது என்றார்கள். அப்போது தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது, அதை மறக்கக் கூடாது. ஆனால் 2012இல் அவர் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் பயிற்சியாளர் படிப்பு, அரசு வேலை எல்லாம்.

சாந்தி ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். 2009இல் உலகப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்ற தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு இதே சோதனை வந்தபோது அந்நாட்டு அரசு அவர் பின்னால் நின்றது, தங்கம் அவரிடமே இருந்தது. நம்முடைய ஒலிம்பிக் சங்கம் சாந்திக்காக ஒரு மேல்முறையீடாவது செய்ததா? ஒடிசா ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், உடம்பில் ஆண் ஹார்மோன் அதிகம் என்று 2014இல் ஒதுக்கப்பட்டபோது வழக்குப் போட ஆள் இருந்தது. 2015இல் ஜெயித்தார், அடுத்த வருஷம் ரியோவில் ஓடினார். அந்த ஒன்பது வருஷ வித்தியாசம்தான் முன்னேற்றம். அதைச் சின்னதாக நினைக்கவில்லை. சாந்திக்கு அது கிடைக்கவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த மரபணுச் சோதனை புதிதும் அல்ல. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இதைச் செய்தபோது எட்டுப் பெண்களுக்கு அந்த மரபணு இருப்பதாக முடிவு வந்தது. விசாரித்துப் பார்த்து எட்டுப் பேரையும் ஆட விட்டார்கள். 1999இல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சோதனையையே நிறுத்தியது. எஸ்ஆர்ஒய் மரபணுவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரூ சின்க்ளேரே, இதை வைத்து ஒருவரின் பாலினத்தை முடிவு செய்யக் கூடாது என்று 2025இல் எழுதினார்.

பெண்கள் பிரிவுக்கு வரையறை வேண்டும் என்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. சக வீராங்கனைகளுக்கும் நியாயம் வேண்டும், சரி. ஆனால் விதி எதுவாக இருந்தாலும், நம் ஊர்ப் பதினேழு வயதுப் பிள்ளையை அந்தப் பரிசோதனைக்கு அனுப்பும் முன் தமிழில் உட்காரவைத்து விளக்க ஒரு மருத்துவர் வேண்டும். முடிவு அவள் கைக்கும் வீட்டாருக்கும் மட்டும் போக வேண்டும். வெளியே கசியவிட்டவர் மேல் வழக்குப் பாய வேண்டும். ஓட முடியாமல் போனால் உதவித்தொகையும் விடுதி இடமும் படிப்பும் அப்படியே தொடர வேண்டும். தமிழக அரசு இதை அரசாணையாகவே கொண்டுவரலாம்.

சாந்தியின் வெள்ளியைத் திருப்பிக் கேட்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அவரிடம் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்கட்டும்.