அந்த அம்மா கேட்டதில் சிரிக்க என்ன இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை உடல்நல நிகழ்ச்சியில் ஓர் அம்மா கேட்ட கேள்விக்குச் சிரித்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உங்களில் பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள், மீதிப் பேர் வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள். இன்று காலை, நான் மதிக்கிற ஒருவர் போன் செய்து, "அந்த வயசுல கேக்கிற கேள்வியா அது?" என்று சிரித்தார். அதற்குமேல் முடியவில்லை.

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான்: "மாதவிடாய் நின்னு நாலு வருஷம் ஆச்சு டாக்டர். ஆசை போகலை. ஆனா சேரும்போது வலி தாங்கலை. என்ன பண்றது?"

நிகழ்ச்சி பெண்கள் உடல்நலம் பற்றியது. மேடையில் இருந்தவர் மகளிர் மருத்துவர். நடந்துகொண்டிருந்தது கேள்வி நேரம். இதைவிடச் சரியான இடம் எது? பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கி, "இதெல்லாம் தனியா கேட்டுக்கலாமே, அடுத்த கேள்வி" என்றார். அடுத்த கேள்வி முடி கொட்டுவது பற்றி. அதற்குப் பத்து நிமிடம் பதில் சொன்னார்கள். அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நான் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அது ஓர் உடல்நலக் கேள்வி. முட்டி வலிக்கிறது என்பது போல, கண் மங்குகிறது என்பது போல. மாதவிடாய் நின்றபிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. யோனியின் உட்சுவர் மெலிந்து உலர்ந்துபோகிறது, அதனால் வலிக்கிறது. எத்தனையோ பெண்களுக்கு வருவது, மருத்துவமும் உள்ளது. பதில் இருக்கிற கேள்வி அது. சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது.

"தனியாகக் கேட்கலாமே என்றதில் என்ன தப்பு?" என்று சிலர் கேட்பீர்கள். தெரியும். நல்ல எண்ணத்தில் கேட்பவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன், இதுவரை இங்கே எழுதாத விஷயம்.

நான் தனியாகத்தான் கேட்டேன்.

கல்யாணமாகி ஒரு வருடம். ஒவ்வொரு முறையும் உடம்பு சுவர் போல இறுகிக்கொள்ளும். முயன்றால் கத்தியால் கீறுவது போன்ற வலி. யாரிடம், என்ன சொல்லிக் கேட்பது? "அங்கே", "கீழே" என்பதைத் தவிர எனக்கு வேறு சொல்லே தெரியாது. யோனி என்ற சொல்லை அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அதனால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, நாலாக மடித்து, மருத்துவரின் மேசைமேல் வைத்தேன். அவர் படித்தார். நான் மடித்த அதே மடிப்பில் திரும்ப மடித்து என் பக்கம் தள்ளினார். "பயத்தை விடும்மா. ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்." குழந்தை எப்படிப் பிறக்கும் என்பதுதானே அந்தத் தாளில் இருந்த கேள்வியே! கதவு சாத்தியிருந்தது, அறையில் நாங்கள் இருவர் மட்டும், இருவரும் பெண்கள். இதைவிடத் தனிமை வேண்டுமா?

இன்னும் இரண்டு வருடம் கழித்து வேறொரு மருத்துவர்தான் பெயரைச் சொன்னார்: வஜைனிஸ்மஸ். இடுப்படித் தசைகள் நம் விருப்பத்தைக் கேட்காமல் தாமாகவே இறுகிக்கொள்வது. கண்ணருகே கை வந்தால் இமை மூடிக்கொள்வது போல என்றார். பிடிவாதமில்லை, ஆசையில்லாமையும் இல்லை. இடுப்படித் தசைப் பயிற்சி, அளவு அளவாக உள்ளே வைத்துப் பழகும் டைலேட்டர்கள், மனநல ஆலோசனை என்று எட்டு மாதம் ஆனது. சரியானது. பெயர் தெரிந்த அன்று அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது, அப்படியென்றால் நான் மட்டும் இல்லை.

தனியாகப் பேசுகிற இடத்திலும் வெட்கம் கூடவே வந்து உட்காருகிறது. அரங்கில் அமர்ந்து சிரிக்கிற அதே வெட்கம்தான் சிகிச்சை அறையிலும் தாளை மடித்துத் திருப்பித் தருகிறது. பொது இடத்தில் கூச்சமில்லாமல் பேசிப் பழகாவிட்டால் தனியாகக் கேட்கச் சொற்கள் எங்கிருந்து வரும்?

அடுத்த வாதம், "பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இதெல்லாம் பேசலாமா?" அந்த அரங்கில் பிள்ளைகளே இல்லை, சரி, அதை விடுங்கள். 2018-இல் யுனெஸ்கோ வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டியைத் தேடிப் படியுங்கள். இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். இதற்குமேல் இதில் வாதாட எனக்குத் தெம்பில்லை.

"ஆண்களாலும்தான் பேச முடிவதில்லை." உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைப் பாருங்கள். 1998 மார்ச்சில் அமெரிக்காவில் வயாகராவுக்கு அனுமதி கிடைத்தது. உலகம் முழுக்கச் செய்தி. அதே 1998-இல்தான் ஆஸ்திரேலியச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல், பெண்ணின் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸ் பற்றிப் பாடநூல்களில் இருப்பது குறையும் பிழையுமானது என்று உடல்களை அறுத்துப் பார்த்து எழுதினார். வெளியே தெரிவது நுனி மட்டும், பெரும்பகுதி உள்ளே யோனியின் இரு பக்கமும் இருக்கிறது. இத்தனைக்கும் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கோபெல்ட் 1844-இலேயே இதை விரிவாக எழுதி, வரைந்தும் வைத்திருந்தார். 150 வருடம் அதை ஒதுக்கி வைத்தார்கள். ஆணின் சிக்கலுக்கு மாத்திரை வந்த வருடத்தில் பெண்ணின் உறுப்பு எவ்வளவு பெரியது என்றே பாடநூல்களில் சரியாக எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டு மௌனத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், தயவுசெய்து.

"பேசிப் பேசி எல்லாரையும் கெடுத்துவிடுவீர்கள்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. வலிக்கிறது என்று சொல்வதால் யார் கெட்டுப்போனார்கள், காட்டுங்கள்.

வலியை மட்டும் பேசினால் நானும் பாதிதான் பேசியவள் ஆவேன். அந்த அம்மா "ஆசை போகலை" என்று சொன்னபோதுதான் சிரிப்பு வந்தது. வீடியோவை மறுபடி பாருங்கள். "வலி" என்ற சொல்லுக்கு முன்னாலேயே சிரித்துவிட்டார்கள். பெண் வலியைச் சொன்னால்கூடக் கொஞ்சம் பரிதாபம் கிடைக்கும். ஆசையைச் சொன்னால் அதுவும் இல்லை. ஐம்பதைத் தாண்டியவளுக்கு ஆசை இருக்கக் கூடாது, இருந்தாலும் சொல்லக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

என் சிகிச்சை முடிந்து வெகுநாள் கழித்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஒரு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம், "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "உங்கப்பா போற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். முப்பத்தோரு வருடம். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்கவில்லை. இப்போது அம்மாவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா உட்கார்ந்தபோது நான் எழுந்து, "அவங்க கேள்விக்குப் பதில் சொல்லுங்க டாக்டர்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இவ்வளவு எழுதுகிற நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான், அந்த ஒருங்கிணைப்பாளர் இல்லை.

அன்று கேள்வி கேட்ட அம்மா, இதை நீங்கள் படிப்பீர்களா என்று தெரியவில்லை. தெரிந்த யாராவது உங்களிடம் சேர்த்தால் போதும். உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் உலர்வுதான். நீர் சார்ந்த வழுக்குக் களிம்பு மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும், உறவின்போது அது உதவும். அன்றாட உலர்வுக்குத் தனியாக ஈரப்பதக் களிம்பு இருக்கிறது. போதாவிட்டால் யோனிக்குள் வைக்கிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மருந்து உண்டு, மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்றபிறகு துளி ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். முதல் மருத்துவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.