மறதி நோய்க்கு ஊசி வந்துவிட்டதா?

காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "மறதி நோயைக் குணமாக்கும் ஊசி வந்துவிட்டது. இனி பிரஷர், கொழுப்பு என்று வாயைக் கட்ட வேண்டாம்." முதல் பாதி அரைகுறை, அடுத்த பாதி தவறு.

ஊசி இருப்பது உண்மைதான். லெகானெமாப் என்ற மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அது அகற்றும். ஆனால் நோயைக் குணமாக்காது. சுமார் 1,800 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் நோய் முற்றும் வேகம் 27% குறைந்தது. கேட்கப் பெரிதாக இருக்கிறது அல்லவா? நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி. அதுவும் மறதி நோயில் ஒரு வகையான அல்சைமரின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான். சிலருக்கு மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருவதால் இடையிடையே ஸ்கேன் வேறு எடுக்க வேண்டும். பேரன் பெயரையே மறந்துவிட்ட ஆச்சிக்கு இந்த ஊசி இல்லை.

சரி, வாயைக் கட்டும் விஷயம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை உட்பட 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் சுமார் 45% மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணைய அறிக்கை. எல்லாம் செய்தும் சிலருக்கு வரும், அது வேறு. அந்தப் பட்டியலில் காது கேளாமையும் உண்டு. முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஐயாவிடம் "காபி வேணுமா?" என்றால் "சாவி அங்கதான் இருக்கு" என்பார். மறதி என்று சிரித்துவிடுகிறோம். முதலில் காதைக் காட்டலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாட்ஸ்அப்பை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.